மலைமேல் ஒரு கலாசாலை
(அறக்கட்டளைச் சொற்பொழிவு)



கலையைப் பற்றிய சொற்பொழிவு என்றால் கலைஞரைப் பற்றிப் பேசுவதும், கலைஞரைப் பற்றிப் பேசத் தொடங்கினால் அவருடைய மேடைப் புகழை வருணிப்பதும் நம்மிடையே வழக்கமாகிவிட்டன. மேடையேறுவதற்கு முன்னர் அவர் யாரிடம் கற்றார், கற்ற காலத்தில் அவருக்கு அன்னமிட்டவர் யார், கற்றதற்கு அப்பால் புதியதொன்றைச் செய்ய அவர் துணிந்தபோது அந்தத் துணிச்சலைப் பொறுத்துக்கொண்டவர் யார் என்னும் விஷயங்களை நாம் பெரும்பாலும் விசாரிப்பதில்லை. அவற்றை விசாரிப்பதற்கு இன்றைய மாலைப்பொழுதை நான் எடுத்துக்கொள்ள விரும்புகிறேன். அதற்கு உதாரணமாக, இமயமலைச் சாரலில் குமாவூன் நாட்டிலுள்ள அல்மோராவில் 1938ஆம் ஆண்டு உதயசங்கர் நிறுவிய இந்தியக் கலாசார மையத்தின் சரித்திரத்தையும் அதன் நோக்கத்தையும் உங்கள் முன் வைக்கிறேன்.

ஆறே ஆண்டுகளுக்குள் மூடப்பட்டுவிட்ட ஒரு ஸ்தாபனத்தைப் பற்றி ஒரு முழுச் சொற்பொழிவு தேவையா என்று சிலர் நினைக்கக்கூடும். நெடுநாள் நிலைத்திருப்பது ஒரு கட்டடத்துக்குப் பெருமையாகலாம். ஒரு பயிற்சி நிலையத்துக்கு அது மட்டுமே பெருமையாகாது. அங்கிருந்து வெளியேறியவர்கள் பின்னர் என்ன செய்தார்கள், தங்கள் ஆசிரியரை எந்த அளவுக்குப் பின்பற்றினார்கள், எந்த இடத்தில் அவரை விட்டு விலகித் தத்தம் வழியில் நடந்தார்கள் என்பவற்றைக் கொண்டே அதன் தகுதியை அளக்க வேண்டும் என்பது என் கருத்து. அந்த அளவுகோலின்படி அல்மோராவுக்கு இணையாகச் சொல்லத்தக்கவை நம் தேசத்தில் மிகச் சிலவே.

நிறுவியவர்

உதயசங்கர் 1900ஆம் ஆண்டு டிசம்பர் 8ஆம் நாள் ராஜபுதனத்தில் உதயபூரில் பிறந்தார். அந்த ஊரின் பெயரே அவருக்கு வாய்த்தது. தந்தையார் சியாம்சங்கர் சௌத்ரி வங்காளத்து அந்தணர், வடமொழிப் புலமையோடு ஆங்கிலக் கல்வியும் நிரம்பியவர், ஜாலாவார் சமஸ்தானத்தில் உத்தியோகம் வகித்தவர். மகனோ தாய்வழிப் பாட்டனாரின் ஊராகிய நஸ்ரத்பூரில் மாதாதீன் என்னும் தோல் தொழிலாளி ஆடிய ஆட்டத்தைச் சிறுவயதில் கண்டு மனத்தைப் பறிகொடுத்தார். தம்முடைய முதல் உந்துதலை அவரிடமிருந்தே பெற்றதாக உலகப் புகழ் அடைந்த பின்னரும் உதயசங்கர் சொல்லிவந்தார் என்பது, அவர் எந்த இடத்திலிருந்து கலையைப் பார்த்தார் என்பதைக் காட்டுகிறது.

நாட்டியம் கற்பதற்கு அவர் எந்தக் குருகுலத்துக்கும் அனுப்பப்படவில்லை. பம்பாயில் ஜே.ஜே. கலைப்பள்ளியிலும், பிறகு லண்டனில் ராயல் கலைக் கல்லூரியில் ஓவியர் வில்லியம் ராதன்ஸ்டைனிடமும் அவர் பயின்றது சித்திரமே. ருஷ்ய நாட்டு நடனமணி அன்னா பாவ்லோவா இந்திய விஷயங்களைக் கொண்டு நடனம் அமைக்க விரும்பித் துணை தேடியபோது இந்த ஓவிய மாணவர் அவருக்கு அறிமுகமானார். 1923ஆம் ஆண்டு லண்டன் காவெண்ட் கார்டன் அரங்கில் ராதையாகப் பாவ்லோவாவும் கிருஷ்ணனாக உதயசங்கரும் ஆடினார்கள். ஐரோப்பிய பாலே முறையை அவர் கற்க வேண்டுவதில்லை என்றும், அவருடைய தேசத்திலேயே தேட வேண்டியது நிரம்ப இருக்கிறது என்றும் அவருக்கு உணர்த்தியவர் அந்த அம்மையார்தாம். சில ஆண்டுகள் கழித்து நம் ருக்மிணி தேவி அருண்டேலையும் அவ்வாறே தாய்நாட்டுக் கலையின் பக்கம் திருப்பியவரும் அவரே. அல்மோராவின் மையத்துக்கும் ருக்மிணி தேவி அடையாற்றில் நிறுவிய கலாக்ஷேத்திரத்துக்கும் பின்னால் ஓர் அயல்நாட்டுக் கலைஞரின் ஒரே விதமான அறிவுரை நின்றது என்பது சரித்திரத்தின் விநோதங்களில் ஒன்று.

சுவிட்சர்லாந்து தேசத்துச் சிற்பி ஆலிஸ் போனர் அம்மையாருடன் 1930இல் இந்தியா திரும்பிய உதயசங்கர், கோயில் கோயிலாகவும் கிராமம் கிராமமாகவும் சுற்றிச் சிற்பங்களையும் ஆட்டங்களையும் கண்டு, சகோதரர்களையும் உறவினரையும் இசைவாணர்களையும் சேர்த்து ஒரு குழு அமைத்தார். 1931ஆம் ஆண்டு மார்ச்சு 3ஆம் நாள் பாரிஸ் நகரில் அக்குழு முதன்முதலாக மேடையேறியது. ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் அவர்களுக்குக் கிடைத்த வரவேற்பைப் பற்றி எவ்வளவோ எழுதப்பட்டுள்ளது. அதை இங்கே விரிக்கவில்லை. நம்முடைய விஷயத்துக்கு வேண்டியது அதனைத் தொடர்ந்து அவர் மனத்தில் எழுந்த அதிருப்தியே. அயல்நாட்டார் கைதட்டியதெல்லாம் தம் உள்ளுணர்வுக்கும் கண்பார்வைக்கும் கிடைத்த பரிசே ஒழிய முறையான பயிற்சிக்குக் கிடைத்தது அன்று என்பதை அவர் அறிந்திருந்தார். ஆகவே புகழின் உச்சியில் இருந்த நாட்களிலேயே கேரளத்துக் கதகளி ஆசான் சங்கரன் நம்பூதிரியிடம் மாணவராக அமர்ந்தார். சென்னைக்கு வந்து பாலசரஸ்வதியின் பரதநாட்டியத்தைக் கண்டு வியந்தார். தமக்கு இளமையில் கிடைக்காத பயிற்சி இனி வருகிற தலைமுறைக்காவது கிடைக்க வேண்டும் என்ற எண்ணமே மையத்தின் வித்து ஆயிற்று.

டார்டிங்டன்

அந்த எண்ணத்துக்கு உருவமும் பொருளும் தந்தது இங்கிலாந்தில் டெவன் பகுதியிலுள்ள டார்டிங்டன் மாளிகை. இரவீந்திரநாத தாகூரோடு ஸ்ரீநிகேதனத்தில் கிராமப் புனருத்தாரணப் பணியாற்றிய லெனார்டு எல்ம்ஹர்ஸ்ட்டும், அமெரிக்கச் செல்வச் சீமாட்டியாகிய அவருடைய மனைவி டாரதியும் பழைய மாளிகையொன்றை வாங்கி, விவசாயமும் கைத்தொழிலும் கல்வியும் கலையும் ஒரே வளாகத்தில் நடக்கும்படி ஏற்பாடு செய்திருந்தார்கள். ஜெர்மனியை விட்டு வெளியேறிய நடன ஆசிரியர் குர்ட் யோஸ் 1934இல் அங்கே இடம் பெற்றார்; ருஷ்ய நடிகர் மைக்கேல் செக்காவ் 1936இல் தம் நடிப்புப் பயிற்சிக்கூடத்தை அங்கே தொடங்கினார். அதே 1936இல் உதயசங்கரும் குழுவினரும் அங்கே சில மாதங்கள் தங்கினார்கள். டிக்கெட் விற்பனையையும் மறுநாள் பயணத்தையும் பற்றிய கவலை இல்லாமல் கலைஞர்கள் தம் தொழிலை ஆராய்வதற்கு இவ்வாறு ஓர் இடம் அமையக்கூடும் என்பதை அவர் கண்ணாரக் கண்டார். எல்ம்ஹர்ஸ்ட் தம்பதியரும், டாரதியின் மகளும் பிற்காலத்தில் புகழ் பெற்ற நடிகையுமான பியட்ரிஸ் ஸ்ட்ரெய்ட்டும் இந்தியாவில் அத்தகைய மையம் ஒன்று அமைவதற்குத் தொடக்க நிதி அளிக்க முன்வந்தார்கள்.

வெளிநாட்டாரின் பணத்தால் நம் கலைக்கு ஒரு வீடு அமைந்ததே என்று வெட்கப்படுவோர் இருக்கலாம். அந்த வெட்கம் நியாயமானதே. நம் தனவந்தர்கள் கச்சேரிக்கும் விழாவுக்கும் பணம் கொடுத்த அந்தக் காலத்தில், பயிற்சிக்குப் பணம் கொடுப்பது அவசியம் என்று உணர்ந்தவர்கள் கடல் கடந்த தேசத்தில்தான் உதயசங்கருக்குக் கிடைத்தார்கள்.

மலையைத் தேர்ந்தது ஏன்?

கல்கத்தாவில் ரசிகர்கள் இருந்தார்கள். பம்பாயில் செல்வம் இருந்தது. காசியில் அவருடைய குடும்பத்தாரே வாழ்ந்திருந்தார்கள். இவற்றையெல்லாம் விட்டு, காட்கோதாம் ரயில் நிலையத்தில் இறங்கி ஏறத்தாழ 90 கிலோமீட்டர் மலைப்பாதையில் வளைந்து வளைந்து ஏற வேண்டிய அல்மோராவை அவர் தேர்ந்தெடுத்ததற்குக் காரணங்கள் பல உண்டு.

கடல் மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 1,600 மீட்டர் உயரத்தில், குதிரைச் சேணம் போன்ற ஒரு மலைமுகட்டின்மேல் அமைந்தது அல்மோரா நகரம். சந்த் வமிசத்து அரசர்கள் பதினாறாம் நூற்றாண்டில் தலைநகராக்கிய ஊர் அது; ஆகவே நைனிதாலைப் போலவோ முசூரியைப் போலவோ வெள்ளைக்காரர்கள் கோடை வாசத்துக்காக உண்டாக்கிய நகரம் அன்று. அங்கே கோயில்களும் கடைத்தெருவும் கல் பாவிய சந்துகளும் முன்பே இருந்தன; செம்பு வேலை செய்யும் கன்னார்களும் இருந்தார்கள். வானம் தெளிந்த நாட்களில் வடக்கே நந்தாதேவியும் திரிசூலமும் கண்ணுக்குத் தெரியும். விவேகானந்தர் மூன்று முறை வந்து தங்கிய ஊர். ஜவாஹர்லால் நேரு சிறையில் இருந்து தம் சுயசரிதையை எழுதி முடித்த ஊர். தாவர விஞ்ஞானி போஷி சென் தம் விவேகானந்த ஆராய்ச்சிசாலையைக் கல்கத்தாவிலிருந்து 1936இல் கொண்டுவந்து அமைத்த ஊர். சிந்தனையாளர்கள் வந்து தங்குவதற்குப் பழகிப்போன ஊரில் கலைஞர்களும் வந்து சேர்ந்ததில் வியப்பில்லை.

ஐக்கிய மாகாணத்தின் அந்நாளைய பிரதம மந்திரி கோவிந்த வல்லப பந்த் அந்த மாவட்டத்தையே பிறப்பிடமாகக் கொண்டவர். நகரத்திலிருந்து மூன்று கிலோமீட்டர் தொலைவில் பைன் மரங்கள் அடர்ந்த சிம்தோலா என்னும் மேட்டில் மையத்துக்கு மாகாண அரசு நிலம் ஒதுக்கியது. குளிர்ந்த காற்றில் உடல் எளிதில் களைப்படையாது. நாள் முழுவதும் அப்பியாசம் செய்யலாம். இவை வெளிப்படையான காரணங்கள். இவற்றினும் ஆழமான காரணம் ஒன்று உண்டு: பார்ப்பவர் இல்லாத இடத்தில்தான் மாணவன் துணிந்து தவறு செய்வான். நகரத்தில் இருந்தால் அரைகுறையாகக் கற்றவனையும் மேடையேற்றச் சபாக்கள் வந்து நிற்கும். பாராட்டுக்குப் பழகியவன் பயிற்சிக்குத் திரும்பமாட்டான். மலையின் தொலைவு மாணவர்களை அந்த அவசரத்திலிருந்து காத்தது. அதே தொலைவு மையத்தின் வருமானத்துக்கும் தடையாயிற்று என்பதைப் பின்னர்ச் சொல்வேன்.

ஒரே கூரையின்கீழ் நான்கு சம்பிரதாயங்கள்

உதயசங்கரின் ஆட்டத்தை 'எந்தச் சாஸ்திரத்திலும் அடங்காதது' என்று குறை கூறியவர்கள், அவர் தம் மையத்துக்கு யாரை ஆசிரியராக அழைத்தார் என்பதைக் கவனித்ததில்லை. கதகளிக்குத் தம் குருவாகிய சங்கரன் நம்பூதிரியை அழைத்தார். மணிப்புரி ஆட்டத்துக்கு இம்பாலிலிருந்து அமோபி சிங் வந்தார். சங்கீதத்துக்கு மைஹர் சமஸ்தானத்து வித்துவான் உஸ்தாத் அலாவுதீன் கான் வந்து தங்கினார். பரதநாட்டியத்துக்குச் சென்னையிலிருந்து நட்டுவனார் கந்தப்பப் பிள்ளை சென்றார்.

தமிழ்நாட்டார் இக்கடைசிப் பெயரைச் சற்று நின்று நினைக்க வேண்டும். தஞ்சை நால்வர் பரம்பரையில் வந்து, பாலசரஸ்வதியைக் குழந்தைப் பருவம் தொட்டுக் கண்டிப்போடு பயிற்றுவித்து, தாளத்தில் அணுவளவு பிசகையும் பொறுக்காதவர் என்று பேர் வாங்கிய பெரியவர் அவர். சதிர் என்று வழங்கிவந்த அந்த ஆட்டத்தின் மானம் நம் ஊரில் பலவாறு விவாதிக்கப்பட்டுக்கொண்டிருந்த காலத்தில், அவருடைய தட்டுக்கழியின் ஓசை இமயமலைச் சாரலில் வங்காளிப் பிள்ளைகளுக்கும் பஞ்சாபிப் பெண்களுக்கும் அடவு சொல்லிக்கொண்டிருந்தது. சென்னையில் அவரிடம் கற்றுவந்த லக்ஷ்மி சாஸ்திரி என்னும் சிறுமியும் அல்மோராவுக்குச் சென்றாள். அவள் 1941இல் உதயசங்கரின் தம்பி ராஜேந்திரரை மணந்து லக்ஷ்மி சங்கர் ஆனாள். பின்னர் ஆட்டத்தை விட்டு ஹிந்துஸ்தானிப் பாடகியாக உலகெங்கும் புகழ் பெற்றாள். அதே ஆண்டு மே மாதத்தில் கடைசித் தம்பி ரவிசங்கருக்கும் அலாவுதீன் கானின் மகள் அன்னபூர்ணாவுக்கும் அல்மோராவிலேயே கலியாணம் நடந்தது. வங்க அந்தணர் வீட்டுப் பிள்ளையும் முஸ்லிம் வித்துவானின் மகளும் மணமக்களாக நின்ற அந்த நிகழ்ச்சி, கலைக்குப் பொதுவாயிருந்த அந்த வீடு வாழ்க்கைக்கும் எவ்வளவு பொதுவாயிருந்தது என்பதைச் சொல்லும்.

பாடமுறை

மையத்தில் முழுப் பயிற்சிக்கு ஐந்தாண்டுக் காலம் வகுக்கப்பட்டது. அதற்குரிய பாடத்திட்டத்தை அமைப்பதில் பெரும்பங்கு கொண்டவர் ஜோரா மும்தாஜ். ஐக்கிய மாகாணத்து முஸ்லிம் குடும்பத்தில் பிறந்து, ஜெர்மனியில் டிரெஸ்டன் நகரத்து மேரி விக்மன் நடனப் பள்ளியில் பயின்று, 1935 முதல் உதயசங்கரின் குழுவில் ஆடிவந்தவர் அவர். உதயசங்கரின் நடனத் துணைவியாகப் பல்லாண்டு ஆடிய பிரெஞ்சுப் பெண்மணி சிம்கியும் ஆசிரியராக இருந்தார். விஷ்ணுதாஸ் ஷிராலி வாத்தியக் குழுவைக் கவனித்துவந்தார்.

பாடமுறையின் சிறப்பு அதன் இரு கூறுகளிலும் இருந்தது. ஒரு கூறு சம்பிரதாயப் பயிற்சி. அந்தந்த ஆசான் தம் கலையைத் தம் முறைப்படியே கற்பித்தார். நான்கையும் கலந்து குழப்பிய பொதுப்பாடம் என்று எதுவும் இல்லை. கதகளியில் கண்ணையும் புருவத்தையும் தனித்தனியே பழக்கும் சாதகம், பரதத்தில் அரைமண்டியில் அமர்ந்து மூன்று காலங்களிலும் அடவு போடுவது, மணிப்புரியில் பாதம் மண்ணை வருத்தாதபடி வளைந்து செல்லும் நடை ஆகிய மூன்றும் உடலை மூன்று விதமாக வணக்குவன. மூன்றையும் பழகியவன் தன் உடலை எந்தப் பக்கமும் திருப்ப வல்லவனாவான்.

மற்றொரு கூறு உதயசங்கர் தாமே நடத்திய பொது வகுப்பு. அங்கே முத்திரையும் இல்லை, அடவும் இல்லை. நடப்பது எப்படி என்பதே முதற்பாடம். நிற்பது, திரும்புவது, பார்ப்பது, பார்த்ததை நினைவில் நிறுத்துவது, நினைவில் நின்றதை உடலால் திருப்பிச் சொல்வது என்று வகுப்பு விரிந்துசெல்லும். ஒரு பாவத்தையோ சந்தர்ப்பத்தையோ கொடுத்து, அதை அந்தக் கணத்திலேயே ஆடிக் காட்டச் சொல்வார். தனியாக ஆடியதைப் பலர் சேர்ந்து ஆடும்போது ஒருவர் அசைவு மற்றவர் அசைவுக்கு எவ்வாறு பதிலாகிறது என்று ஆராய்வார்கள். மனோதத்துவமும் அங்கே ஒரு பாடமாக இருந்தது. உடையலங்காரம், ஒப்பனை, விளக்கமைப்பு, வாத்தியச் சேர்க்கை ஆகியவையும் மாணவர் அறிய வேண்டியவையாயின. ஆட்டக்காரன் ஆட்டத்தை மட்டும் அறிந்தால் போதும் என்ற கொள்கையை ஓவியராகத் தொடங்கிய ஆசிரியர் ஏற்கவில்லை.

ஆசான்களின் வகுப்பு மாணவனுக்குப் பணிவைக் கற்பித்தது. பொது வகுப்பு துணிவைக் கற்பித்தது. பணிவு மட்டும் கற்றவன் பிரதி எடுப்பவனாகவும், துணிவு மட்டும் கற்றவன் வெறும் விளம்பரக்காரனாகவும் முடிவதை நாம் அன்றாடம் காண்கிறோம். இரண்டையும் ஒரே நாளில் ஒரே மாணவனுக்கு அளித்ததே அந்த மையத்தின் அபூர்வம்.

சிருஷ்டிகளும் ஊராரும்

கற்பித்தலோடு சிருஷ்டியும் நடந்தது. 'வாழ்க்கையின் தாளம்', 'உழைப்பும் யந்திரமும்' என்னும் இரு நாட்டிய நாடகங்கள் அக்காலத்தில் உருவாயின. தெய்வ கதைகளையும் காதல் கதைகளையுமே நாட்டியத்துக்கு உரியவை என்று கருதியிருந்த காலத்தில், யந்திரம் வந்தபின் மனிதனுடைய கைகால்கள் யந்திரத்தைப் போலவே இயங்கத் தொடங்கும் அவலத்தை நாட்டியமாக அமைத்தது புதுமையான துணிவு. ஆலைத் தொழிலாளியின் அசைவுகளில் லயம் உண்டு என்பதையும், அந்த லயம் மனிதனை விழுங்கவும் வல்லது என்பதையும் ஆட்டத்தாலேயே விளங்க வைத்தார்கள்.

அல்மோரா மக்களுக்கு ராமலீலை புதிதன்று. ராகங்களில் அமைந்த பாட்டுகளாலேயே கதை முழுவதையும் நடத்திச் செல்லும் குமாவூன் ராமலீலை அங்கே பத்தொன்பதாம் நூற்றாண்டிலிருந்து வேரூன்றியது. அந்த மக்களுக்காக மையத்தார் ராமாயணத்தை நிழல் நாடகமாகத் திறந்த வெளியில் நடத்தினார்கள். பெரிய வெண்திரையின் பின்னால் விளக்கை வைத்து, விளக்குக்கும் திரைக்கும் இடையில் ஆட்டக்காரர்கள் ஆடினார்கள். விளக்கை நெருங்க நெருங்க நிழல் பெருகும், திரையை நெருங்க நெருங்கச் சிறுகும். நம் தோற்பாவைக் கூத்தில் பாவை செய்யும் வேலையை இங்கே மனித உடலே செய்தது. சுற்றுப்புறத்து மலைக் கிராமங்களிலிருந்து மக்கள் திரள் திரளாக வந்து பார்த்தார்கள். உலகத் தலைநகரங்களில் ஆடிய குழு, மலைவாசிகளுக்குப் பழக்கமான கதையை அவர்களுக்குப் பழக்கமில்லாத உருவத்தில் அளித்து, ஊரோடு உறவு கொண்டாடிற்று.

மூடுவிழா

1944இல் மையம் மூடப்பட்டது. இதற்கு ஒருவரைக் குற்றவாளியாக்குவது எளிது, ஆனால் நியாயமாகாது. மையம் தொடங்கிய மறு ஆண்டிலேயே உலக யுத்தம் மூண்டது. குழுவினர் அயல்நாடு சென்று பொருள் ஈட்டிவரும் வழி அடைபட்டது. அயல்நாட்டு நண்பர்களின் உதவியும் தொடர இயலாமற் போயிற்று. 1942இல் 'வெள்ளையனே வெளியேறு' இயக்கம் எழுந்தபோது அல்மோரா மாவட்டமே போராட்டக் களமாயிற்று. இளைஞர் உள்ளங்கள் வேறு திசையில் கொதித்தன. உள்ளேயும் மனஸ்தாபங்கள் தோன்றின. ஒரு தனி மனிதரின் பெயரையும் புகழையும் நம்பி நடக்கும் ஸ்தாபனத்தில், அவருடைய சொந்த வாழ்க்கையின் மாறுதல்களும் ஸ்தாபனத்தை அசைத்துவிடும். உதயசங்கரின் மனமும் இதற்குள் சினிமாவின்பால் சென்றிருந்தது. இவை எல்லாம் சேர்ந்தே முடிவைக் கொண்டுவந்தன. எனினும் அடிப்படையான காரணம் ஒன்றே: மையத்துக்குத் தொடக்க நிதி இருந்தது, நிரந்தர நிதி இல்லை. ரசிகர் கூட்டத்துக்கு எட்டாத மலைமேல் இருந்த பயிற்சி நிலையம், ஆண்டுதோறும் வட்டி தரும் மூலதனம் இல்லாமல் பிழைத்திருக்க வழியில்லை.

மலையிலிருந்து சென்னைக்கு

மையம் மூடிய பின் உதயசங்கர் சென்னைக்கு வந்தார். ஜெமினி ஸ்டூடியோவில் 'கல்பனா' என்னும் ஹிந்திப் படத்தை எடுத்தார். 1948இல் அது வெளிவந்தது. உதயன் என்னும் கலைஞன் இமயமலையில் ஒரு கலாகேந்திரம் அமைக்கக் கனவு காண்பதே அதன் கதை. அந்தக் கதையைக் கேட்கும் படமுதலாளி பணம் வராது என்று அதைத் தள்ளிவிடுவதாகப் படத்தை அமைத்திருந்தார். உதயசங்கரும் அவர் மனைவி அமலாவும் அதில் ஆடினார்கள். பின்னாளில் தமிழ்த்திரையில் பெரும்புகழ் பெற்ற பத்மினி திரையில் தோன்றிய முதற்படமும் அதுவே. ஒளிப்பதிவு செய்தவர் நம் கே. ராம்நாத். அதே ஸ்டூடியோவிலிருந்து அதே ஆண்டில்தான் முரசு நடனத்தால் புகழ் பெற்ற 'சந்திரலேகா'வும் வெளிவந்தது. கல்பனா வசூலில் தோற்றது. ஆயினும் மூடப்பட்ட மையத்தின் பயிற்சியும் சிருஷ்டிகளும் அப்படத்திலேதான் பதிந்து கிடக்கின்றன. 2012இல் அது செப்பனிடப்பட்டுக் கான் திரைப்பட விழாவில் காட்டப்பட்டபோது, தொண்ணூறு வயதைக் கடந்திருந்த அமலா அங்கே சென்று அமர்ந்து பார்த்தார்.

சீடர்கள்

இனி நான் முதலில் சொன்ன அளவுகோலுக்கு வருகிறேன். சாந்தி பர்தன் பம்பாய் சென்று இந்திய மக்கள் நாடக மன்றத்தின் மத்தியக் குழுவுக்கு நாட்டியங்கள் அமைத்தார். 1952இல் லிட்டில் பாலே குழுவைத் தொடங்கி, மனிதர்களே மரப்பாவைகளைப் போல் ஆடும் ராமாயணத்தைச் சிருஷ்டித்தார். நரேந்திர சர்மா டில்லியில் பள்ளிப் பிள்ளைகளுக்கு நடனம் கற்பித்து, 1972இல் பூமிகா என்னும் நவீன நடனக் குழுவை நிறுவினார். சச்சின் சங்கர் பம்பாயில் தம் பாலே குழுவை நடத்தினார். சாந்தா காந்தி நாடகத்துறை சென்று, கிராமக் கூத்து மரபைக் கொண்டு 'ஜஸ்மா ஓடன்' என்னும் நாடகத்தை நடத்தினார். ஜோரா, மாணவராக வந்த காமேசுவர் சேகலை 1942இல் மணந்து, லாகூரில் நடனப் பள்ளி வைத்து, பின்னர்ப் பிருத்வி நாடகக் குழுவில் சேர்ந்து நடிகையாக விளங்கி, நூறு வயதைக் கடந்து வாழ்ந்தார். பதினாறு பதினேழு வயதில் மாணவராக வந்த குருதத் 1944இல் புனாவில் பிரபாத் ஸ்டூடியோவில் நடன அமைப்பாளராகச் சேர்ந்து, பிற்காலத்தில் 'பியாசா' போன்ற படங்களை ஆக்கிய இயக்குநரானார்.

இவர்களில் ஒருவரேனும் உதயசங்கரைப் போல் ஆடிப் பேரெடுத்தவர் அல்லர். ஒருவர் செய்ததை மற்றவர் செய்யவில்லை. மரப்பாவை ராமாயணத்துக்கும் பியாசாவுக்கும் என்ன சம்பந்தம்? புறத்தே ஒன்றும் இல்லை. அகத்தே, அசைவை ஆராய்ந்து அதனால் கதை சொல்லும் பழக்கம் இரண்டிலும் உண்டு. பரம்பரை குருகுலங்கள் ஒரு பாணியைக் காப்பதற்கு அவசியமானவை. அவை இல்லாவிட்டால் அல்மோராவில் கற்பிக்க ஆசான்களே கிடைத்திருக்கமாட்டார்கள். அதை நான் மறுக்கவில்லை. ஆனால் காப்பது ஒரு பணி, தோற்றுவிப்பது வேறொரு பணி. கேரள கலாமண்டலமும் கலாக்ஷேத்திரமும் முதற்பணியை மேற்கொண்டு இன்றும் நிலைத்து நிற்கின்றன. அல்மோரா இரண்டாம் பணியை மேற்கொண்டது.

இதில் ஆட்சேபம் ஒன்று எழலாம். நான்கு கலைகளை ஐந்தாண்டில் கற்பவன் எதிலும் ஆழம் காண முடியாதே என்பது அது. உண்மைதான், அல்மோராவிலிருந்து பாலசரஸ்வதிக்கு நிகரான ஒரு பரதக் கலைஞர் வெளிவரவில்லை, வரவும் இயலாது. அத்தகைய கலைஞரை ஆக்குவது அதன் நோக்கமுமன்று. மருத்துவக் கல்லூரியில் இலக்கணப் புலவர் உருவாகவில்லை என்று யாரும் வருந்துவதில்லை. ஒரு ஸ்தாபனத்தை அதன் நோக்கத்தைக் கொண்டே மதிப்பிட வேண்டும். அந்த நோக்கத்தில் அது வென்றது.

அல்மோராவின் மைந்தர் ஒருவரையும் இங்கே நினைக்க வேண்டும். அங்கே 1928இல் பிறந்த மோகன் உப்ரேதி, குமாவூன் மலைப்பாட்டுகளையும் கதைப்பாடல்களையும் மேடைக்குக் கொண்டுவந்து, 1968இல் டில்லியில் பர்வதீய கலா கேந்திரத்தை நிறுவினார். மலைக்கு வெளியிலிருந்து கலையைக் கொண்டுவந்தவர் உதயசங்கர். மலையின் கலையை வெளியே கொண்டுசென்றவர் உப்ரேதி. ஒரு மலைநகரம் இவ்விரண்டையும் முப்பதாண்டு இடைவெளியில் கண்டது.

நமக்குரிய கடமை

பெரியோர்களே, இச்சரித்திரத்தை அறக்கட்டளை ஒன்றின் மேடையில் சொல்லத் துணிந்ததற்குக் காரணம் உண்டு. மையத்துக்கு ஆசான்கள் குறைவில்லை, மாணவர் குறைவில்லை, கற்பனைக்கும் குறைவில்லை. குறைந்தது ஒன்றுதான், இன்று நாம் எதன் பெயரால் இங்கே கூடியிருக்கிறோமோ அந்த நிரந்தர மூலதனம். நம் நாட்டில் கலைக்காக வைக்கப்படும் கட்டளைகளில் பெரும்பாலானவை விருதுக்கும் பொற்கிழிக்கும் விழாவுக்கும் சொற்பொழிவுக்குமே செல்கின்றன; சொற்பொழிவு செய்ய வந்த நானே இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது. விருது முதிர்ந்தவருக்குச் செய்யும் மரியாதை, அது வேண்டியதே. ஆனால் பயிலும் பருவத்தில் ஓர் ஏழை மாணவனுக்கு ஐந்தாண்டு உணவும் உறையுளும், அவனுக்குக் கற்பிக்கும் ஆசானுக்குக் கவலையற்ற ஜீவனமும் தருகிற கட்டளைகள் விரல்விட்டு எண்ணத்தக்கனவாகவே உள்ளன. தவில் கற்கும் பிள்ளைக்கும், தெருக்கூத்து வாத்தியாருக்கும், பாவைக்கூத்துக் குடும்பத்துக்கும் அவ்வாறு செய்ய முன்வருவோர் இன்னும் மிகக் குறைவு.

ஆகவே இவ்வவையிலுள்ள செல்வர்களுக்கும், அறக்கட்டளைகளை நிர்வகிக்கும் பொறுப்பாளர்களுக்கும் என் விண்ணப்பம் இது: இனி நீங்கள் கலைக்கென ஒரு கட்டளை எழுதும்போது அதில் ஒரு பாதியையாவது பயிற்சிக்கு ஒதுக்குங்கள், முதலைத் தொடாமல் வட்டியைக் கொண்டே நடக்கும்படி விதி செய்யுங்கள், எந்தத் தனி மனிதரின் புகழையும் நம்பி நில்லாதபடி நிர்வாகத்தை அமையுங்கள், பணிவையும் துணிவையும் சேர்த்துக் கற்பிக்கிற ஆசிரியர்களைத் தேடிக் கண்டுபிடியுங்கள். அவர்களிடம் பயிலும் மாணவர்கள் என்ன ஆவார்கள் என்பதை முன்கூட்டியே நிர்ணயிக்காதீர்கள்.